தங்கையின் ரிப்போர்ட்

மகள் வீட்டை விட்டுப் போய் இன்றோடு பத்து நாள்.

ஓடிப்போகவெல்லாம் இல்லை. நான்கு தெரு தள்ளியிருக்கும் சித்தி வீட்டுக்குத்தான் போனாள். "சித்திக்கு உடம்பு சரியில்ல. சித்தப்பா லாரியோட போனா திரும்பி வர ஒரு வாரம் ஆகுது. யாராவது கூட இருக்க வேணாமா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். பதினேழு வயது.

"தாராளமா போ. அங்கயே இருந்துடு!" என்று வாசலில் நின்று கத்தினாள் பெரியவள், அவளைப் பெற்றவள்.

கத்தியிருக்கக் கூடாது. மகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கப்பலில் சமையல் வேலை பார்க்கும் அப்பாவுக்கும் போன் போட்டு, "அம்மாவே போகச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் நடுக்கடலிலிருந்து, "சின்னப் பொண்ணு, கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமே" என்றார். யாரைக் கேட்டாலும் தங்கை சின்னவள் பக்கம்தான். எப்போதும் அப்படித்தான்.

சின்னவளுக்கு மூன்று மாதமாகத் தைராய்டு தொந்தரவு. எட்டு கிலோ இறங்கிவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு படபடத்தது. மாத்திரைகளுக்கும் சுரப்பி அடங்குவதாக இல்லை. கடைசியில் தைராய்டு டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதிரியக்க அயோடின் மாத்திரை. ஒரே ஒரு மாத்திரை, சுரப்பியின் கொட்டம் அடங்கிவிடும். ஆனால் அதைச் சாப்பிட்டவர் இரண்டு வாரம் தனியாக இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அந்த வீட்டிலேயே தங்கக் கூடாது.

அந்தக் கடைசி வரி மட்டும் பெரியவளுக்குத் தேனாக இனித்தது. வியாழக்கிழமை காலையில் மகள் பையோடு திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

இன்று புதன்கிழமை.

பெரியவள் வேலை பார்க்கும் லேபுக்குப் போகும் பஸ் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றைத் தாண்டித்தான் போகும். கடை வாசலுக்கு மேலே ஆறடி அகலத்தில் ஒரு பலகை. அதில் சின்னவளின் கண்கள். முகம் முழுதாகக்கூட இல்லை. நெற்றிக்குக் கீழே, மூக்குக்கு மேலே, மெல்லிய கருப்புப் பிரேமுக்குள் இரண்டு கண்கள் மட்டும். சின்னவள் அந்தக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே, "உன் கண்ணு இருக்கும்போது மாடலுக்கு எங்க போறது?" என்று சொல்லி முதலாளி எடுத்த படம். நாலு வருஷமாகத் தொங்குகிறது. நாலு வருஷமாக அந்த இடம் வரும்போதெல்லாம் பெரியவள் கைப்பைக்குள் எதையோ தேடுவாள்.

பெரியவளுக்குக் கண் சின்னது. சிறுவயதில் குடும்பப் படம் எடுக்கும்போது போட்டோக்காரர், "பெரிய பாப்பா, கண்ணை நல்லாத் திற" என்பார். "திறந்துதான் இருக்கேன்" என்பாள் அவள். மொத்த வீடும் விழுந்து விழுந்து சிரிக்கும். ஏழு வயது இளைய தங்கை, எதற்கென்று தெரியாமலேயே, எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், தலையில் பாதி நரைத்த பிறகும் இருந்தது.

கண்ணை வைத்துக்கொள்ளட்டும். கடையை, பலகையை, ஊரார் பாடும் புகழை எல்லாம் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பெற்ற பிள்ளையையுமா?

மகளுக்கு 'வாலு' என்று பேர் வைத்தது சித்திதான். அந்தப் பேர் பள்ளிக்கூடம் வரை போய் ஒட்டிக்கொண்டது. பெரியவள் மட்டும் பிடிவாதமாக 'பாப்பா' என்றே கூப்பிடுவாள். அந்தப் பேருக்கு மகள் திரும்பிப் பார்க்க இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

லேப் மூன்றாவது மாடியில் இருந்தது. பெரியவள் அங்கே பதினாறு வருஷமாக இருக்கிறாள். ரத்தம் எடுக்கும் வேலை அவளுடையது இல்லை. கீழே எடுத்து அனுப்புவார்கள். மஞ்சள் மூடிக் குழாய்கள் சுழல் இயந்திரத்தில் சுற்றி, மேலே தெளிந்த நீர் பிரிந்து அவளிடம் வரும். பெரிய மெஷினில் அடுக்கி ஓட்டுவதும், திரையில் வரும் எண்களைச் சரிபார்த்து 'உறுதி' என்ற பட்டனை அழுத்துவதும் அவள் வேலை. அவள் அழுத்தினால்தான் ரிப்போர்ட் டாக்டருக்குப் போகும்.

தைராய்டு ஆன்டிபாடிகளை வாரத்தில் இரண்டே நாள் ஓட்டுவார்கள். புதன், வெள்ளி. இன்று பதினொரு குழாய்கள் இருந்தன.

பத்து மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது எண்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் சாதாரணம். ஆறாவது வரிசை சிவப்பாக வந்தது.

31.4.

இயல்பான அளவு 1.75-க்குள் இருக்க வேண்டும். பெரியவள் வரிசையின் இடது ஓரத்துக்குக் கண்ணை ஓட்டினாள். அங்கே தங்கையின் பெயர் இருந்தது.

அவளுக்கு அந்த எண்ணை யாரும் விளக்க வேண்டியதில்லை. உடம்பு கிருமியை எதிர்க்கச் செய்துகொள்ளும் பொருள்தான் ஆன்டிபாடி. சிலருக்கு அது ஆள் தெரியாமல் தன் தைராய்டையே பிடித்துக்கொள்ளும். ராத்திரி பகல் பார்க்காமல் அதை வேலை வாங்கும். அதோடு விட்டால் பரவாயில்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் தசையிலும் கொழுப்பிலும் போய் இதே வேலையைக் காட்டும். அவை வீங்கும். பின்னால் எலும்பு, போக இடம் இல்லை. அதனால் கண் முன்னே தள்ளப்படும். இந்த எண் எவ்வளவு கூடுதலோ கண்ணுக்கு அவ்வளவு ஆபத்து. இந்த நிலைமையில் கதிரியக்க மாத்திரையையும் விழுங்கினால் எண் இன்னும் எகிறும்.

அதனால்தான் டாக்டர் இந்தப் பரிசோதனையைக் கேட்டிருந்தார். கண் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோது சின்னவள், "கொஞ்சம் தூசி அலர்ஜி டாக்டர்" என்று மழுப்பிவிட்டு, நிறம் ஏற்றிய கண்ணாடியைக் கழற்றாமலேயே வந்துவிட்டாள். இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். கண்ணுக்கு ஒன்று என்று தெரிந்தால் முதலாளி பலகையைக் கழற்றிவிடுவாராம். "ரிப்போர்ட்ல எதாவது இருந்தா லேப்லேருந்தே கூப்பிடுவாங்க. கூப்பிடலேன்னா நேரா மாத்திரைக்கு வந்துடுங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

பெரியவளின் விரல் பட்டனுக்கு மேலே நின்றது.

அழுத்தினால் மாத்திரை இல்லை. மாத்திரை இல்லாவிட்டால் மகளும் திரும்பி வரமாட்டாள். வரமாட்டாள் மட்டுமா? 'சித்திக்குக் கண்ணுல பெரிய வியாதி' என்று கேட்ட அடுத்த நிமிஷம் சித்தியோடு ஒட்டியே கிடப்பாள். ஒரு வாரம் ஒரு மாதமாகும். ஒரு மாதம் ஒரு வருஷமாகும்.

லேபில் ஒரு விதி உண்டு. முதல் தடவையே இவ்வளவு கூடுதலாக வரும் எண்ணை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மறுபடி ஓட்ட அரை மணி நேரம் போதும். இப்போதே ஓட்டலாம். வெள்ளிக்கிழமையும் ஓட்டலாம். எப்போது என்று விதியில் எழுதவில்லை.

பெரியவள் மற்ற பத்துக்கும் 'உறுதி' அழுத்தினாள். ஆறாவது குழாயை எடுத்து, மூடியைத் திருகி, 'வெள்ளி' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்தாள்.

'விதிப்படிதானே' என்று சொல்லிக்கொண்டாள். கை கழுவும்போது இன்னொரு தடவை சொல்லிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, என் பிசிக்ஸ் நோட்டு அங்க இருக்கா?"

"என்கிட்டதான் இருக்கு."

"உங்ககிட்டன்னா? லேப்லயா?"

பெரியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகள் எப்போதாவது கேட்பாள் என்று அந்த நோட்டை நாலு நாளாகக் கைப்பையில் சுமந்துகொண்டிருந்தாள். "காலைல பார்த்தேன், எடுத்துப் போட்டுக்கிட்டேன். எங்க வரணும்?"

"சித்தி கடைக்கு. ஸ்கூல் அரை நாள்தான். நான் இங்கதான் இருக்கேன்."

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பெரியவள் கிளம்பினாள். பத்து நிமிஷ நடை.

கடைக்குள் மதிய நேரத்தில் கூட்டம் இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடிகள். எங்கே திரும்பினாலும் தன் முகம் தெரியும் கடை அது. பெரியவளுக்கு அதனாலேயே அந்தக் கடை பிடிக்காது. கவுண்டருக்குப் பின்னால் முக்காலியில் சின்னவள் தலையை அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் கன்னத்தை ஒரு கையால் ஏந்திக்கொண்டு, மறுகையால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆடாதீங்க சித்தி. இன்னும் ஒரே சொட்டு."

"எரியுதுடி வாலு."

"எரிஞ்சாத்தான் மருந்து. சும்மா இருங்க."

மகள் ஒரு துணியை எடுத்து, ஓரத்தில் வழிந்ததை ஒற்றி எடுத்தாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் தொட்டு பெரியவள் பார்த்ததில்லை. பெரியவளுக்குப் போன மாதம் மூன்று நாள் காய்ச்சல். மகள் அறை வாசலில் நின்று, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பெரியவள் கைப்பையைத் திறந்து நோட்டை வெளியே எடுத்தாள்.

"வா அக்கா! சாப்பிட்டியா?" சின்னவள் திரும்பினாள்.

நிறக் கண்ணாடி கழற்றி கவுண்டரில் கிடந்தது. மூன்று வாரமாகப் பெரியவள் அந்தக் கண்களை நேராகப் பார்த்திருக்கவில்லை. மேல் இமை ஏறிப்போய், கருவிழிக்கு மேலே வெள்ளை ஒரு கோடாகத் தெரிந்தது. ஓரங்கள் சிவந்து தடித்திருந்தன. இமைகளுக்கு அடியில் உப்பல். யாரோ அதட்டியதும் திடுக்கிட்டவள் மாதிரி ஒரு பார்வை. பேசும்போதும் அதே பார்வை, சிரிக்கும்போதும் அதே பார்வை.

முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன பயன்? 'இப்போ யாரைப் பார்த்துச் சிரிப்பாங்க?' என்று ஒரு குரல் உள்ளே எட்டிப் பார்த்தது. பெரியவள் அந்தக் குரலைக் கேட்டுப் பயந்துபோனாள்.

"ராத்திரி கண்ணு முழுசா மூட மாட்டேங்குதும்மா," என்றாள் மகள், நோட்டை வாங்கிக்கொண்டே. "நான்தான் டேப் ஒட்டி விடறேன். இல்லேன்னா காஞ்சு போயிடுது."

"டேப்பா?"

"ஆமா. பேப்பர் டேப். காலைல பிய்க்கும்போது இமைமுடி ரெண்டு வந்துடும், சித்தி என்னைத் திட்டுவாங்க."

இருவரும் சிரித்தார்கள். பெரியவளுக்குத் தெரியாத ஒரு வீட்டுச் சிரிப்பு அது.

"சரி, நான் கிளம்பறேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றே பாப்பா?" என்றாள் பெரியவள். நாளைக்கு என்று சொல்லும்போது குரலில் ஒரு குஷி வந்துவிட்டது.

மகள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. தடித்த உடம்போடு ஒரு அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். சின்னவள் சட்டென்று நிறக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"வாங்கம்மா, வாங்க. போன வாரம் சொன்ன பிரேம்தானே? எடுத்து வச்சிருக்கேன்."

தட்டில் நாலைந்து பிரேம்களை வரிசையாக வைத்தாள். அந்த அம்மாள் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தார்.

"இதைவிட அந்தச் சிவப்பு எடுப்பா இருந்துச்சே. அது எங்க?"

"சிவப்பு இன்னும் வரலம்மா. இது இருக்கு பாருங்க, செங்கல் கலர். உங்க நிறத்துக்கு நல்லாயிருக்கும்."

"என்னம்மா சொல்றே? இதுதானே சிவப்பு! பளிச்சுனு இருக்கு. நீ கண்ணாடிக் கடை வச்சுக்கிட்டு என்கிட்ட செங்கல்ங்கறே!"

சின்னவள் சிரித்தபடியே நிறக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிரேமை விளக்கடியில் பிடித்தாள். "இல்லீங்களே... மங்கலாத்தானே..."

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "அடப் பாவமே! என்னம்மா ஆச்சு உன் கண்ணுக்கு? வெளியில பலகையில அவ்வளவு அழகா இருக்கு... யார் கண்ணு பட்டுச்சோ!"

யாரும் பெரியவளைப் பார்க்கவில்லை. ஆனால் பெரியவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சுவரிலிருந்த அத்தனை கண்ணாடியிலும் அவள் முகம் வெளுத்துப்போய் நின்றது.

அதற்குப் பிறகுதான் அந்தச் 'செங்கல்' அவள் மண்டைக்குள் இறங்கியது.

அவள் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். பிரேமைத் தங்கையின் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இடது கண்ணை மூடு. இது என்ன கலர்?"

"என்னக்கா நீ, ஆள் இருக்கும்போது..."

"மூடுன்னா மூடு!"

சின்னவள் உள்ளங்கையால் மூடினாள். "செங்கல்தான். காஞ்ச செங்கல்."

"இப்போ வலது கண்ணை மூடு."

கை மாறியது. சின்னவள் குனிந்து பிரேமைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"சிவப்பு," என்றாள் மெதுவாக. "நல்ல சிவப்பு. அக்கா, ஏன் இப்படித் தெரியுது?"

வலது கண்ணுக்குப் பின்னால் வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரிக்க ஆரம்பித்துவிட்டன. நரம்பு நெரிபட்டால் முதலில் மங்குவது சிவப்பு. பதினாறு வருஷம் தைராய்டு ரிப்போர்ட்டுகளுக்கு நடுவே இருந்தவளுக்கு அது தெரியும். இதற்கு மேல் போனால் மங்குவது நிறம் மட்டுமாக இருக்காது.

"எத்தனை நாளா?"

"தெரியலையே. ஒரு வாரம் இருக்குமா? லைட்டு சரியில்லைன்னு பல்பு மாத்தினேன்."

"பாப்பா, சித்தியைக் கூட்டிக்கிட்டு இப்பவே கண் ஆஸ்பத்திரிக்குப் போ. ஆட்டோ பிடி. வலது கண்ணுல சிவப்பு மங்கலாத் தெரியுதுன்னு போனதுமே சொல்லு. மறக்காம அதை முதல்ல சொல்லு."

"நீங்க வரலையாம்மா?"

"வர்றேன். லேப்ல ஒரு வேலை பாக்கி இருக்கு."

பத்து நிமிஷ நடையை அவள் நாலு நிமிஷத்தில் ஓடினாள். லிப்ட் கீழே இல்லை. மூன்று மாடியும் ஏறினாள். குளிர்பெட்டியைத் திறந்து, சீட்டைக் கிழித்து, குழாயை மெஷினில் வைத்தாள். குழாயில் பனி படிந்திருந்ததால் முதல் தடவை பார்கோடு படிக்கவில்லை என்று மெஷின் கத்தியது. துடைத்து மறுபடி வைத்தாள்.

அது ஓடும் இருபத்தேழு நிமிஷம் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தைராய்டு டாக்டரின் நம்பரை அழுத்தினாள்.

"டாக்டர், லேப்லேருந்து பேசறேன். நாளைக்கு மாத்திரை சாப்பிடப் போறவங்க... ஆமா, அவங்கதான். ஆன்டிபாடி முப்பத்தொண்ணு. மறுபடி ஓட்டிக்கிட்டிருக்கேன், ஆனா முதல் எண் முப்பத்தொண்ணு. கண்ணு வெளியே வந்திருக்கு டாக்டர். தூசியெல்லாம் இல்ல. வலது கண்ணுல சிவப்பு போயிடுச்சு."



"மாத்திரையை நிறுத்தியாச்சு. கண் டாக்டர்கிட்ட நானே பேசிடறேன். நல்ல வேளை கூப்பிட்டீங்க," என்றார் டாக்டர்.

இரண்டாவது எண் வந்தது. 31.9. பெரியவள் 'உறுதி' அழுத்தினாள். மணி இரண்டே கால்.

கண் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் சின்னவளுக்கு ஒரு கட்டில் கொடுத்திருந்தார்கள். பெரியவள் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் முடிந்திருந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கண் டாக்டர் அம்மா சிடுசிடுப்பானவர். "அலர்ஜியாம், அலர்ஜி! மூணு வாரமா கலர் கண்ணாடி போட்டு மூடி வச்சிருக்காங்க," என்று பொரிந்து தள்ளினார். "மூணு நாள் இந்த மருந்து போகட்டும். வீக்கம் குறைஞ்சா நரம்புக்கு மூச்சு வரும். குறையலேன்னா ஆபரேஷன் பண்ணி இடம் பண்ணிக் கொடுக்கணும். வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கறாங்களா?"

"வீட்டுக்காரர்," என்றாள் சின்னவள்.

"அந்தப் புகை இந்தக் கண்ணுக்கு விஷம். வந்ததும் என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன்." வாசல் வரை போனவர் திரும்பினார். "நாளைக்கு அந்த மாத்திரை உள்ளே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. லேப்ல யாரோ புத்திசாலியா இருந்திருக்காங்க."

"எங்க அம்மாதான் டாக்டர்!" என்றாள் மகள்.

என் அம்மா என்று அவள் யாரிடமும் அப்படிப் பெருமையாகச் சொல்லிப் பெரியவள் கேட்டதில்லை. மகள் வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். கையைக் கோத்துக்கொண்டாள். பத்து நாளைக்குப் பிறகு அந்த எண்ணெய் தடவாத தலையின் வாசனை மூக்கருகே வந்தது.

இதற்குத்தானே ஏங்கினாள்? இதோ கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மகள் இன்னொரு கையால் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு அனுப்பறேன். 'அம்மா சித்தி கண்ணைக் காப்பாத்திட்டாங்க.' சரியா?"

"அக்கா," என்றாள் சின்னவள். சொட்டு ஏறாத கையை நீட்டி அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் இன்னிக்கு லேப்ல இல்லேன்னா..."

"அதை அனுப்பாதே பாப்பா," என்றாள் பெரியவள்.

"ஏன்?"

"ரிப்போர்ட் காலையில பத்து மணிக்கு முன்னாடியே வந்துடுச்சு. நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமைன்னு சீட்டு எழுதி ஒட்டி உள்ளே வச்சுட்டேன்."

மகள் தலையை நிமிர்த்தினாள். "மறந்துட்டீங்களா?"

"மறக்கல." பெரியவள் கோத்திருந்த கையைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். "நாளைக்கு அவ மாத்திரை சாப்பிட்டா நீ வீட்டுக்கு வந்துதானே ஆகணும். அதுக்காகத்தான்."

கோத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மகள் எழுந்து கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கப் பெரியவளுக்குத் தைரியம் வரவில்லை.

சின்னவள் மட்டும் புடவையை விடவில்லை. கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். வீங்கிய இமையோரமாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகையா, நோயா என்று சொல்ல முடியாது.

"நாலு மணி நேரம்," என்றாள் கடைசியில். "இவளுக்காகவா?"

"ஆமா."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லக்கா. அனுப்பி வச்சிருப்பேனே."

"உன்கிட்ட கேட்டு வாங்கற நிலைமையிலயா நான் இருக்கேன்? என் பொண்ணை?"

மருந்து பாட்டிலில் காற்றுக் குமிழி ஒன்று மேலே போய் உடைந்தது. சின்னவள் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.

"வாலு, நாமளும் சொல்லிடலாமா?"

"வேணாம் சித்தி." மகளின் குரல் சட்டென்று மாறியது. "நீங்க ப்ராமிஸ் பண்ணீங்க."

"உங்கம்மா இன்னிக்கு சொன்னதைவிட இது ஒண்ணும் பெரிசில்லடி." சின்னவள் அக்காவிடம் திரும்பினாள். "போன திங்கக்கிழமை நான் ரத்தம் கொடுக்கப் போனப்போ இவளையும் கூட்டிக்கிட்டுப் போனேன். உன் லேப்ல கொடுத்தா நீ பேரைப் பார்த்துடுவேன்னு, இவ ரத்தத்தை மட்டும் எதிர்த் தெரு லேப்ல கொடுத்தோம். தைராய்டும், ஆன்டிபாடியும். நாளைக்கு ரிப்போர்ட் வரும்."

"இவளுக்கு எதுக்கு?"

"ரெண்டு மாசமா நெஞ்சு படபடங்குதாம். ராத்திரி தூக்கமில்ல. பென்சில் பிடிச்சா கை ஆடுது. எனக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? அக்கா தங்கை, பொண்ணுன்னு குடும்பத்துல வரும்னு டாக்டர் சொன்னார். அதான் என்கூட வந்து தங்கறேன்னு வந்தா. பேச ஒரு ஆள் வேணும்ல."

பெரியவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. 'என்னிடம் சொல்லவில்லையே, இவளிடம் சொன்னாளே' என்ற எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. பாழாய்ப்போன மனசு இந்த நேரத்திலும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டியது. அதற்கு அப்புறம்தான் பயம் வந்தது. அது வந்தபோது மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றாள்.

"ரெண்டு தடவை சொன்னேன்," என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி. "முதல் தடவை, 'உங்க சித்தியைப் பார்த்து நீயும் வியாதி கொண்டாடறியா'ன்னு கேட்டீங்க. ரெண்டாவது தடவை, பரீட்சைப் பயம்னீங்க."

பெரியவளுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு தடவையும் ஞாபகம் இருந்தது.

அவள் எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனாள். மகள் நகரவில்லை; கையையும் நீட்டவில்லை. பெரியவள் தானாக அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு விரலை நாடியில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தாள். மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து இன்னொரு நிமிஷம் எண்ணினாள்.

நூற்றுப் பதினெட்டு.

"படி ஏறி வந்தேன்மா," என்றாள் மகள், மெல்லிய குரலில். "அதான் இப்படி அடிக்குது."

அவள் படி ஏறி வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.